காலையில் அறுவை, மாலையில் வீடு: தொற்றைக் கவனிப்பது யார்?

வாசகர் கேள்வி: என் மகனுக்கு 24 வயது. கோயம்புத்தூரில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறான். பதினைந்து வயதிலிருந்தே மார்பு பெண்பிள்ளைகளுக்கு இருப்பதுபோல் இருக்கிறது என்று மனம் குன்றிப்போய், சட்டையைக் கழற்றி ஒரு கோயிலுக்குள் போனதில்லை. வரும் தை மாதம் திருமணம். அதற்குள் அங்கேயே ஒரு 'டே கேர்' மையத்தில் அறுவை செய்துகொள்ளப் போகிறானாம். காலையில் சேர்த்து மாலையில் அனுப்பிவிடுவார்கள், அன்றிரவே பேருந்து ஏறி ராஜபாளையம் வந்துவிடுகிறேன் என்கிறான். என் பயத்துக்குக் காரணம் என் நாத்தனார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருக்குத் துளை வழியாகப் பித்தப்பையை எடுத்தார்கள். ஒரு மாதம் கழித்துத் தழும்புகளில் சிறு கட்டிகள் கிளம்பி நீர் வடிந்தது. ஆறு மாதம் காசநோய் மாத்திரை சாப்பிட்டும் முழுதாக ஆறவில்லை. இன்றும் ஒரு துளையில் அவ்வப்போது கசிகிறது. மகனை ஓரிரு நாளாவது ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லலாமா? பத்து நாளைக்கு ஆன்டிபயாட்டிக் கேட்டு வாங்கலாமா? என்ன பத்தியம் இருக்க வேண்டும்? அவனுக்குச் சர்க்கரை இல்லை, கெட்ட பழக்கமும் எதுவும் இல்லை.

பதில்:

அன்புள்ள அம்மா,

உங்கள் முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தொற்றைத் தவிர்ப்பதற்காக என்று உங்கள் மகனை இரண்டு நாள் படுக்கையில் வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவமனை வார்டு என்பது மருந்துக்கு அடங்காத கிருமிகள் கைக்குக் கை மாறும் இடமும்கூட. உடல்நலமுள்ள ஓர் இளைஞனை அங்கே கூடுதலாகத் தங்கவைப்பதால் அவனுக்குப் பாதுகாப்பு கூடுவதில்லை. அறுவைக் காயத்துக்குள் கிருமி போகுமா போகாதா என்பது பெரும்பாலும் அறுவை அரங்கில் கழியும் அந்த இரண்டு மணி நேரத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. ஆனால் அப்படிப் போன கிருமி தன்னைக் காட்டிக்கொள்வது நான்கு நாள் கழித்தோ, பத்து நாள் கழித்தோ, சில சமயம் இரண்டு மாதம் கழித்தோதான். வார்டில் தங்குபவருக்கு அந்தக் காயத்தைப் பார்ப்பதற்குச் செவிலியர் இருப்பார். அன்றே வீடு திரும்புபவருக்கு அந்தச் செவிலியரின் கண்ணாக நீங்கள் இருக்க வேண்டியிருக்கிறது. ஆகவே அரங்கில் என்ன நடக்கிறது, வீட்டில் யார் எதைப் பார்க்கிறார்கள் என்ற இரண்டைப் பற்றித்தான் இந்தக் கடிதம் முழுவதும் பேசப் போகிறேன்.

ஆபத்தின் அளவைச் சரியாகப் புரிந்துகொள்வதற்கு ஓர் எண்ணிக்கையைச் சொல்கிறேன். அமெரிக்காவின் எட்டு மாநிலங்களில் 2010ஆம் ஆண்டு அன்றே வீடு திரும்பும் முறையில் செய்யப்பட்ட ஏறத்தாழ 2,84,000 அறுவைகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வில், மீண்டும் மருத்துவமனையை நாட வேண்டிய அளவுக்குத் தொற்று வந்தவர்கள் 14 நாட்களுக்குள் ஆயிரத்துக்குச் சுமார் 3 பேர், 30 நாட்களுக்குள் ஆயிரத்துக்குச் சுமார் 5 பேர். அவை பித்தப்பை, குடலிறக்கம் போன்ற அறுவைகளே தவிர உங்கள் மகனுக்குச் செய்யப் போகும் அறுவை அல்ல. நம் ஊர் நிலைமையும் வேறு. அதனால் எண்ணை அப்படியே இங்கே பொருத்த மாட்டேன். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது ஒன்றுதான்: வந்த தொற்றுகளில் பாதிக்கு மேல் முதல் இரண்டு வாரங்களிலேயே வந்திருக்கின்றன. 'தையல் பிரிக்க வாருங்கள்' என்று பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரே ஒரு தேதியைக் கொடுத்து அனுப்பிவிடும் இடத்தில், இடையில் நடப்பதை யாரும் பார்ப்பதில்லை.

உங்கள் மகனுக்கு இருப்பதைக் கைனகோமாஸ்டியா என்கிறோம். பதின்ம வயதில் வரும் இந்த வீக்கம் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் தானே வற்றிவிடும். 24 வயதிலும் இருந்தால் இனி வற்றாது என்று கொள்ளலாம். (சில மருந்துகள், உடற்பயிற்சிக்கூடங்களில் கைமாறும் ஊக்க ஊசிகள், தைராய்டு, கல்லீரல், விதைப்பைக் கட்டி ஆகியவை காரணமல்ல என்று அறுவை மருத்துவர் பரிசோதித்துவிட்டாரா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.) சிறு துளை வழியாகக் கேனுலா என்னும் மெல்லிய உலோகக் குழாயைச் செலுத்திக் கொழுப்பை உறிஞ்சி, காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் கீழ் விளிம்பில் பிறைபோல் ஒரு கீறல் இட்டுச் சுரப்பித் திசுவை எடுப்பார்கள். இது நாங்கள் 'தூய காயம்' என்று வகைப்படுத்தும் அறுவை. குடலைத் திறப்பதில்லை, சீழுள்ள இடத்தைத் தொடுவதில்லை. எனவே காயத்துக்குள் நுழையக்கூடியவை முக்கியமாக அவனுடைய தோலில் குடியிருக்கும் கிருமிகளும், கருவிகளோடும் திரவங்களோடும் வந்து சேரும் கிருமிகளும்தான். தோலுக்கடியில் கொழுப்பை எடுத்த இடம் வெற்றிடமாக இருக்கும். அங்கே ரத்தமோ நீரோ தேங்கினால் அது கிருமிக்குக் கஞ்சி ஊற்றியதுபோல் ஆகிவிடும். அதனால்தான் இறுக்கமான மார்புக்கச்சை அணியச் சொல்வதும், சிலருக்கு வடிகுழாய் வைப்பதும்.

இப்போது உங்கள் நாத்தனாரிடம் வருகிறேன், ஏனெனில் உங்கள் பயத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது, அந்தப் பயம் வீணானதும் அல்ல. நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல இயலாது என்றாலும், துளை வழி அறுவைக்குப் பின் ஒரு மாதம் அமைதியாக இருந்து, பிறகு தழும்பில் வலி குறைந்த கட்டிகளாகக் கிளம்பி, சீழ் என்று சொல்ல முடியாத நீரை வடித்து, சாதாரண மாத்திரைகளுக்கு அடங்காமல் போகும் தொற்று என்றவுடன் எங்களுக்கு நினைவுக்கு வருவது காசநோய்க் கிருமியின் தூரத்து உறவினர்கள்: மைக்கோபாக்டீரியம் அப்செசஸ், கெலோனே, ஃபோர்ட்யூட்டம் என்பவை. இவை மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவிக் காயத்துக்குள் புகுபவை அல்ல. இவற்றின் வீடு தண்ணீர்; மேல்நிலைத் தொட்டி, குழாய், குழாயின் உட்புறம் படியும் வழுவழுப்பு ஆகிய இடங்களில் காலங்காலமாக இருப்பவை. குளோரினுக்கு எளிதில் சாவதில்லை. குடிப்பதாலோ குளிப்பதாலோ உடல்நலமுள்ளவருக்குப் பொதுவாக ஒன்றும் செய்வதில்லை. ஆனால் ஒரு கருவியின் துளைக்குள் ஒட்டிக்கொண்டு தோலுக்கடியில் உள்ள கொழுப்புக்குள் போய்விட்டால் அங்கிருந்து கிளப்புவது கடினம்.

தண்ணீர் எப்படிக் கருவிக்குள் வருகிறது என்று கேட்பீர்கள். நீராவி அழுத்தக் கலனில், அதாவது ஆட்டோகிளேவில், 121 அல்லது 134 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் குறித்த நேரம் வைத்த கருவி, உறை பிரிக்கும் வரை தூய்மையாக இருக்கும். ஆனால் ஒரு நாளில் ஐந்து நோயாளிகள், இருப்பதோ இரண்டு செட் கருவிகள் என்றால், இடைவேளையில் குளுட்டரால்டிஹைடு என்ற திரவத்தில் இருபது நிமிடம் ஊறவைத்து எடுத்துவிடும் குறுக்குவழி பல இடங்களில் இருந்திருக்கிறது. அந்தத் திரவத்தில் எல்லாக் கிருமிகளும், அவற்றின் கடினமான உறங்குநிலை வடிவங்களான சிதல்களும் சாக வேண்டுமானால் பத்து மணி நேரம் ஊற வேண்டும். இருபது நிமிடம் உயர்நிலைக் கிருமிநீக்கம் மட்டுமே. நான் சொன்ன மைக்கோபாக்டீரியங்களில் சில அந்தத் திரவத்தையே தாங்கிக்கொள்ளப் பழகியவை. அதற்கும் மேலாக, ஊறிய கருவியில் ஒட்டியிருக்கும் ரசாயனத்தைக் கழுவுவதற்குக் 'கொதித்து ஆறிய தண்ணீர்' என்று ஒரு தட்டில் வைத்திருப்பார்கள். கொதித்தது எப்போது, ஆறியது எத்தனை மணி நேரம், தட்டு எங்கே கழுவப்பட்டது என்று கேட்டால் பதில் இருக்காது. கருவியிலிருந்த கிருமியைக் கொன்றுவிட்டுத் தண்ணீரால் அதற்கு மீண்டும் உயிர் கொடுக்கும் வேலை இது. கொழுப்பு உறிஞ்சும் கேனுலாவும் துளை வழி அறுவைக் கருவியும் இந்த விஷயத்தில் ஒரே குடும்பம். இரண்டும் உள்ளே குழலானவை, உட்புறத்தைப் பிரஷ் போட்டுத் தேய்க்காவிட்டால் முந்தைய நோயாளியின் கொழுப்பும் ரத்தமும் உள்ளேயே காய்ந்திருக்கும். அந்த அழுக்குப் படலத்துக்குக் கீழே நீராவியும் சரியாக எட்டாது.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய குறையல்ல. 2003, 2004 ஆண்டுகளில் குறைந்த செலவில் வயிற்றுத் தோலையும் கொழுப்பையும் குறைத்துக்கொள்வதற்காக டொமினிக்கன் குடியரசுக்குச் சென்று திரும்பிய அமெரிக்கர்கள் இருபது பேருக்கு இதே அப்செசஸ் தொற்று கண்டறியப்பட்டது. அறுவை செய்த ஊரில் அவர்கள் எல்லோரும் நலமாகவே இருந்தார்கள். தொல்லை தொடங்கியது வீடு திரும்பி வாரங்கள் சென்ற பிறகு, அறுவையைப் பற்றி ஒன்றும் அறியாத வேறு மருத்துவர்களின் முன்னிலையில். இன்னொரு சம்பவத்தை என் மாணவர்களுக்கு நான் தவறாமல் சொல்வதுண்டு. 1987இல் வெளியான ஓர் அறிக்கையின்படி, அமெரிக்காவில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜரி கிளினிக்கில் தொடர்ந்து இத்தகைய காயத்தொற்று வந்தபோது கருவிகளையெல்லாம் சோதித்து, கடைசியில் கிருமி இருந்த இடம் தோலில் கோடு வரையப் பயன்படும் ஊதா மையில் என்று கண்டார்கள். எங்கே கீறுவது என்று குறிக்கும் கோட்டின் வழியாகவே கிருமி உள்ளே போயிருக்கிறது.

தண்ணீருக்கு அடுத்து என் கவலை மருந்துக் குப்பிகள். அன்றே அனுப்பும் அறுவைக்கு விரைவாக மயக்கி விரைவாகத் தெளிவிக்கும் புரோபோஃபால் என்ற பால்நிற மருந்தை அதிகம் பயன்படுத்துகிறோம். அது எண்ணெய்க் கலவை என்பதால் கிருமி விழுந்தால் அதில் செழித்து வளரும்; திறந்த குப்பியைச் சில மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, ஒருவருக்கு உடைத்ததை அடுத்தவருக்குத் தொடவே கூடாது. மிச்சமாகும் மருந்தைக் கொட்ட மனம் வராத சிக்கனம்தான் இங்கே எதிரி. அமெரிக்காவில் மூன்று மாநிலங்களின் 68 டே கேர் மையங்களை அரசு ஆய்வாளர்கள் போய்ப் பார்த்து 2010இல் வெளியிட்ட முடிவில், மூன்றில் இரண்டு மையங்களில் தொற்றுத் தடுப்பில் குறைந்தது ஒரு தவறாவது இருந்தது. நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்டவற்றில் ஒருவருக்கு மட்டுமே உரிய குப்பியிலிருந்து பலருக்கு மருந்து எடுத்திருந்தார்கள். 2023இல் மெக்சிகோவின் மாதமோரோஸ் நகரில் இரண்டு கிளினிக்குகளில் கொழுப்பு உறிஞ்சல் போன்ற அழகு அறுவைகளுக்காக முதுகில் மயக்க ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குப் ஃபுசேரியம் என்ற பூஞ்சையால் மூளை உறைக் காய்ச்சல் வந்து பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அறுவை நடந்த இடத்தில் ஒன்றுமில்லை. கிருமி நுழைந்தது மயக்கம் கொடுத்த வழியில். கொழுப்பு உறிஞ்சலில் உப்பு நீரோடு மரத்துப்போகும் மருந்தும் அட்ரினலினும் கலந்து தோலுக்கடியில் நிரப்புவோம். அந்தக் கலவையை ஒவ்வொருவருக்கும் புதிதாக, மூடிய பையில் கலக்க வேண்டும். காலையில் கலந்த குடுவையிலிருந்து மாலை நோயாளிக்கு ஊற்றும் இடத்தில் அறுவை செய்துகொள்ளக் கூடாது.

இதையெல்லாம் போய் எப்படிக் கேட்பது என்று தயங்காதீர்கள். சட்டம் பேச வேண்டியதில்லை, பயணச்சீட்டு வாங்கும்போது பேருந்து எப்போது கிளம்பும் என்று கேட்பதுபோல் இயல்பாகக் கேளுங்கள். மையம் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றிருந்தால் அந்தச் சான்றிதழ் வரவேற்பறையில் தெரிய மாட்டியிருக்கும். அறுவை செய்பவர் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவரா, அவருடைய மருத்துவக் கவுன்சில் பதிவு எண் சீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். 'காஸ்மெட்டிக் நிபுணர்' என்ற பலகை மட்டும் போதாது. அதற்குப் பிறகு மகனை இரண்டு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். 'எனக்குப் பயன்படுத்தும் கேனுலா ஆட்டோகிளேவில் வைத்து உறையோடு வருமா, திரவத்தில் ஊறவைத்ததா?' என்பது ஒன்று. 'அன்றைக்கு நான் எத்தனையாவது ஆள், உங்களிடம் எத்தனை செட் இருக்கிறது?' என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை; எனக்கு அதுதான் முக்கியமானது. ஃபார்மலின் மாத்திரை போட்ட பெட்டியில் கருவி வைத்திருப்பதாகச் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வேறிடம் பாருங்கள். அறையில் வீட்டு வகை ஸ்பிளிட் ஏசி தொங்கினால் அதுவும் குறைதான், உள்ளிருக்கும் காற்றையே அது திரும்பத் திரும்பச் சுழற்றுகிறது; ஆனால் காற்றைவிடத் தண்ணீரும் குப்பியும் எனக்குப் பெரிய கவலை. நேர்மையான மருத்துவர் இக்கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

உங்கள் மகன் செய்ய வேண்டியவை அதிகமில்லை. முதல் நாள் இரவும் அன்று காலையும் சோப்புப் போட்டு நன்றாகக் குளிக்க வேண்டும். மார்பு முடியை அவனாகச் சவரம் செய்யக் கூடாது. நான் பயிற்சியில் இருந்த காலத்தில் அறுவைக்கு முதல் நாள் மாலையே வார்டில் கத்தி வைத்து மழித்துவிடுவார்கள், அதைச் சுத்தம் என்று நாங்களும் நம்பினோம். கத்தி கண்ணுக்குத் தெரியாத நூறு கீறல்களை விட்டுச் செல்கிறது; விடிவதற்குள் அவற்றில் கிருமி பெருகிவிடுகிறது. முடி இடைஞ்சலாக இருந்தால் மட்டும், அறுவை அன்று, மின் கத்தரியால் ஒட்ட வெட்டிவிடுவார்கள். மார்பிலோ முதுகிலோ சீழ்வைத்த பருக்கள், அக்குளில் கொப்புளம், படர்தாமரை, பல்லில் சீழ், காய்ச்சல் இவற்றில் ஏதேனும் இருந்தால் தேதியைத் தள்ளிவைக்க வேண்டும். விடுப்பு எடுத்தாகிவிட்டது, முன்பணம் கட்டியாகிவிட்டது என்பதற்காக மறைக்கக் கூடாது. அப்புறம், கெட்ட பழக்கம் எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மாக்கள் எழுதும் கடிதங்களில் இந்த வரியை நான் அடிக்கடி பார்க்கிறேன். புகைபிடிப்பவர்களுக்குத் தோலின் நுண் ரத்தக்குழாய்கள் சுருங்கிக் காயம் ஆறாமல் தொற்று கூடுகிறது. குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். அந்தக் கேள்வியை நீங்கள் கேட்க வேண்டாம், மருத்துவர் அவனிடம் தனியாகக் கேட்கட்டும். அந்த ஐந்து நிமிடம் நீங்கள் வெளியில் இருந்தால் போதும். சர்க்கரையையும் 'இல்லை' என்று சொல்வதோடு விடாமல் ஒருமுறை பரிசோதித்துவிடுவது நல்லது, அந்த வயதிலேயே தெரியாமல் இருப்பவர்களைப் பார்க்கிறோம்.

பத்து நாள் ஆன்டிபயாட்டிக் வேண்டாம். தடுப்பு மருந்து வேலை செய்வதற்குக் கிருமி வரும்போது அது ஏற்கெனவே திசுவில் இருக்க வேண்டும். எனவே கத்தி வைப்பதற்கு ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக, வழக்கமாகச் செஃபசோலின், ஒரே ஒரு ஊசி. உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதல், அறுவை முடிந்த பிறகு தடுப்புக்காக ஆன்டிபயாட்டிக்கைத் தொடர வேண்டாம் என்றே சொல்கிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமும் 2017இல், தூய காயத்தில் வடிகுழாய் வைத்திருந்தாலும் தையல் போட்டு மூடிய பிறகு கூடுதல் டோஸ் தேவையில்லை என்றது. நீண்ட நாள் கொடுப்பதால் வயிற்றுப்போக்கும், மருந்துக்கு மசியாத கிருமிகளுமே மிஞ்சும். உள்ளே உருவாகும் தொற்றும் அரைகுறையாக மறைந்து தாமதமாகத் தெரியவரும். நம்மூரில் மூன்று நாள், ஐந்து நாள் எழுதிக் கொடுப்பது பழக்கமாகிவிட்டது, நானும் ஒரு காலத்தில் எழுதியவன்தான். மருத்துவர் எழுதினால் அதற்காகச் சண்டை பிடிக்க வேண்டாம். ஆனால் மாத்திரை சாப்பிடுகிறானே என்ற நம்பிக்கையில் காயத்தைப் பார்க்காமல் விடுவதும், மாத்திரை தீர்ந்ததும் மருந்துக்கடையில் அதையே மறுபடி வாங்கித் தொடர்வதும் கூடாது.

இரவுப் பேருந்து கூடவே கூடாது. இந்தக் கடிதத்தில் நான் கண்டிப்பாகச் சொல்லும் ஒன்று இதுதான். ஜெர்மனியில் 1998 முதல் 2002 வரை கொழுப்பு உறிஞ்சலுக்குப் பின் நேர்ந்த 72 கடுமையான சிக்கல்களைத் தொகுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 23 பேர் இறந்தவர்கள். முன்னிலையில் இருந்தவை தசையுறையை அரிக்கும் தொற்றும் ரத்தத்தில் பரவிய தொற்றும். காரணங்களாக அவர்கள் குறித்தவற்றில் சுகாதாரக் குறைபாட்டோடு, நோயாளியை அவசரப்பட்டு வீட்டுக்கு அனுப்பியதும் இருந்தது. வழக்கமான சீழ்த் தொற்று நான்காம், ஐந்தாம் நாளுக்கு மேல்தான் தலைகாட்டும். முதல் இரண்டு நாளில் லேசாகக் காய்ச்சல் அடிப்பது பெரும்பாலும் தொற்றல்ல. ஆனால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைக் கிருமி ஒன்று இந்தக் கணக்குக்கு அடங்காது, ஒரே நாளில் பரவிவிடும். காயம் பார்ப்பதற்குச் சாதாரணமாக இருக்க, வலி மட்டும் மாத்திரைக்கு அடங்காமல் நேரத்துக்கு நேரம் ஏறிக்கொண்டே போவது அதன் அடையாளம். ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமியின் நஞ்சால் வரும் அதிர்ச்சி நிலையிலும் காயம் அமைதியாகவே தோன்றும். கடுங்காய்ச்சல், உடல் சிவத்தல், வாந்தி, வயிற்றுப்போக்கு, தலைசுற்றல் என்று வரும்போது 'வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை' என்று வீட்டார் நினைத்துக்கொள்வார்கள். தொற்று தவிர, மார்பின் ஒரு பக்கம் மட்டும் திடீரென்று புடைப்பதும் முதல் நாளில்தான் நேரும். அது உள்ளே ரத்தம் கசிந்து கட்டுவது, உடனே திறந்து எடுக்க வேண்டும். இவை எதுவும் நள்ளிரவில் பேருந்தில் நேரக் கூடாது. நீங்கள் கோவைக்குப் போய், மையத்திலிருந்து அரை மணி நேரத்தில் சென்றுவிடக்கூடிய தூரத்தில் அவனோடு குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள். இரவு இரண்டு மணிக்கு அழைத்தால் எடுக்கும் கைபேசி எண் யாருடையது, அந்த நேரத்தில் திரும்பச் சேர்க்க வேண்டுமானால் எந்த மருத்துவமனையில் சேர்ப்பார்கள் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முதல் காயப் பார்வையை மூன்றாம் நாளும், அடுத்ததை ஏழாம் நாளையொட்டியும் வைக்கச் சொல்லுங்கள்.

அதன் பிறகு வீட்டில். கட்டைத் தொடும் முன் கையைச் சோப்பால் கழுவுங்கள். வடிகுழாய் இருந்தால் அதன் குடுவையைக் காலிசெய்வதைச் செவிலியர் காட்டித் தந்தபடி மட்டும் செய்யுங்கள். எத்தனை மில்லி, என்ன நிறம் என்று ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். நேற்று வெளுத்து வந்தது இன்று கலங்கி வந்தால் அழைக்க வேண்டும். கச்சை இரண்டு வாங்கிக்கொண்டால் ஒன்றைத் துவைத்து வெயிலில் போட்டு மற்றொன்றை அணியலாம். வியர்வை ஊறிய ஒரே கச்சையை ஆறு வாரம் போட்டுக்கொண்டிருப்பவர்களுக்குத் தையல் இடத்தில் தோல் ஊறிப் புண்ணாவதைக் காண்கிறேன். இரண்டு நாளுக்குப் பிறகு காயத்தில் தண்ணீர் படலாம் என்பது பொது விதி. என்றாலும் மேல்நிலைத் தொட்டி கழுவி எத்தனை காலமாயிற்று என்று தெரியாத வீடுகளை நினைத்து, தையல் ஒட்டும்வரை மார்பை ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளவே நான் சொல்வேன். கிணறு, கண்மாய், கோயில் தெப்பம், குற்றாலத்து அருவி எல்லாம் ஆறு வாரத்துக்குப் பிறகு. மஞ்சள், விபூதி, தேங்காயெண்ணெய், அடுப்புச் சாம்பல் எதுவும் காயத்தில் வேண்டாம்.

பத்தியம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முட்டை சீழ் பிடிக்கும், மீன் ஆகாது, பருப்பு வாயு என்று சொல்லிப் பதினைந்து நாள் ரசஞ்சோறும் சுட்ட அப்பளமுமாக வைத்திருந்து, வெளிறிப்போன பிள்ளைகளை என்னிடம் கூட்டிவருபவர்கள் உண்டு. புதுத்திசு கட்டுவதற்குப் புரதம்தான் மூலப்பொருள். முட்டை, மீன், கோழி, பருப்பு, தயிர், கொண்டைக்கடலை எல்லாம் தாராளமாகக் கொடுங்கள். கத்தரிக்காயும் கருவாடும் ஏற்கெனவே அவனுக்கு ஒவ்வாமை தருவதாக இருந்தால் மட்டும் விட்டுவிடலாம்.

பார்க்க வேண்டியதைச் சுருக்கமாகவே சொல்லலாம். தினமும் ஒருமுறை, ஒரே நேரத்தில், ஒரே வெளிச்சத்தில் கைபேசியில் படம் எடுத்து வைத்தால் நேற்றுக்கும் இன்றைக்கும் வேறுபாடு தெரியும். சிவப்பு இருந்தால் அதன் ஓரத்தில் பேனாவால் கோடிடுங்கள். கோட்டைத் தாண்டினால் அன்றே போக வேண்டும். 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், குறைந்துவந்த வலி மீண்டும் ஏறுவது, துர்நாற்றம், சீழ் இவற்றுக்கும் அப்படியே. பக்கத்து ஊசி போடும் கடைக்குப் போகாமல் அறுவை செய்தவரிடமே போக வேண்டும், ஏனெனில் உள்ளே என்ன செய்யப்பட்டது என்பது அவருக்கு மட்டுமே தெரியும். ஒரு மாதம் கழிந்ததும் பெரும்பாலோர் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள். நீங்கள் மூன்று மாதம் வரை வாரம் ஒருமுறை தழும்பைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். கருஞ்சிவப்பாகச் சிறு முடிச்சுத் தென்பட்டாலோ, ஆறிய இடம் திறந்து நீர் கசிந்தாலோ, அது திருமணப் பரபரப்பில் தள்ளிப்போடக் கூடிய விஷயம் அல்ல. இதனாலேயே, தைக்கு மூன்று மாதமாவது முன்பாக அறுவை முடிந்துவிடுமாறு தேதி வாங்குங்கள். மார்கழியில் கிடைக்கிறது என்றால் திருமணத்துக்குப் பிறகு வைத்துக்கொள்வதே நல்லது.

கடைசியாக உங்கள் நாத்தனார். அவரிடமிருந்து உங்கள் மகனுக்கு எதுவும் தொற்றாது, இது பரம்பரையாக வருவதும் அல்ல; அவர் உங்கள் வீட்டுக்கு வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போகலாம். ஆனால் இந்தக் கடிதத்தில் இப்போதே சிகிச்சை தேவைப்படுபவர் அவர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. கசிவுள்ள துளையிலிருந்து திசுவை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்களா, அல்லது அனுமானத்தில் காசநோய் மாத்திரை தொடங்கினார்களா என்று பழைய காகிதங்களைத் தேடிப் பாருங்கள். வழக்கமான சீழ் வளர்ப்புச் சோதனையில் இந்தக் கிருமி பெரும்பாலும் தெரியாமல் 'வளர்ச்சி இல்லை' என்று வந்துவிடும். ஜீன்எக்ஸ்பர்ட் சோதனை காசநோய்க் கிருமியை மட்டுமே தேடும். அது 'இல்லை' என்றால் இந்த உறவினர்களும் இல்லை என்று பொருளாகாது. திசுவில் மைக்கோபாக்டீரியம் வளர்ப்பும், வளர்ந்தால் எந்த இனம், எந்த மருந்துக்கு அடங்கும் என்ற சோதனையும் வேண்டும் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். அப்செசஸ் என்று வந்தால் வழக்கமான காசநோய் மாத்திரைகள் அதைத் தொடவே செய்யாது. வேறு மருந்துகளைச் சேர்த்து மாதக்கணக்கில் கொடுத்து, கெட்டுப்போன திசுவையும் அறுத்து எடுக்க வேண்டியிருக்கும். மதுரையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம். மகனின் அறுவைத் தேதிக்குக் காத்திராமல் இந்த வாரமே பழைய அறிக்கைகளோடு அவரை அங்கே அழைத்துப் போங்கள். திசுவை எடுப்பதற்கு முன் குறைந்தது இரண்டு வாரமாவது அவர் எந்த ஆன்டிபயாட்டிக்கும் சாப்பிடாமல் இருப்பது சோதனைக்கு நல்லது என்பதால், இப்போது ஏதாவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அதை எப்போது நிறுத்துவது என்று அங்குள்ள மருத்துவரிடமே முதலில் கேளுங்கள்.